மாயாவிகள் யாருடைய சொத்து?

நிலம், உழைப்பு, மூலதனம், தொழில் முனைவு என்று உற்பத்திக் காரணிகளை நான்காகப் பிரித்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் கற்பித்தவன் நான். நிலப்பத்திரம், கட்டடம், இயந்திரம் ஆகியவற்றை ஈடாக வைத்துத் தொழிலுக்குக் கடன் பெறலாம் என்பதும் அந்தப் பாடத்தின் ஒரு பகுதி. 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் வைத்த ஈடு வேறு வகையானது. கேப்டன் அமெரிக்கா, பிளாக் பேந்தர், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் உள்ளிட்ட பத்து சித்திரக்கதைத் தலைப்புகளின் திரைப்பட உரிமையை ஈடாகக் காட்டி, மெரில் லிஞ்ச் வழியாக 52.5 கோடி டாலர் கடன் வசதியை அது பெற்றது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1996-இல், திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்துக்குச் சென்ற நிறுவனம் அது. 2009-இல் அதே நிறுவனத்தை ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு வாங்க டிஸ்னி முன்வந்தது.

காகிதத்தில் வரைந்த மனிதர்கள் நிலத்தைவிட உறுதியான ஈடாக மாறிய இந்தச் செய்தியை, அமெரிக்கப் பெருநிறுவனங்களின் வினோதம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ஓய்வுபெற்ற பின் நான் வாழும் கேளம்பாக்கம், ஒருபுறம் உப்பளங்களும் உப்பங்கழியும், மறுபுறம் சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுமாக அமைந்த ஊர். பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும், வண்டலூர் செல்லும் சாலையிலும் தனியார் கல்லூரிகள் நிறைந்துள்ளன. பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில், அனிமேஷன், வரைகலை, காட்சி விளைவுகள் ஆகிய படிப்புகளுக்கான விளம்பரப் பலகைகளை இங்கு காணாமல் கடக்க முடியாது. 2022-23 மத்திய நிதிநிலை அறிக்கையில், அனிமேஷன், காட்சி விளைவுகள், கணினி விளையாட்டு, சித்திரக்கதை ஆகிய துறைகளை வளர்ப்பதற்கென ஒரு பணிக்குழு அறிவிக்கப்பட்டது. வேலைவாய்ப்பு என்ற சொல்லே இந்த அறிவிப்புகள் அனைத்திலும் முன்நிற்கிறது. உரிமை என்ற சொல்லை அரிதாகவே காண முடிகிறது. இக்கட்டுரையின் கவலை அந்த இரண்டாவது சொல்லைப் பற்றியது.

இதன் வரலாற்றை 1938-இலிருந்து தொடங்க வேண்டும். ஜெர்ரி சீகல் என்ற எழுத்தாளரும் ஜோ ஷஸ்டர் என்ற ஓவியரும் உருவாக்கிய சூப்பர்மேன், அந்த ஆண்டில் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வெளிவந்தான். 13 பக்கக் கதைக்கு, பக்கம் ஒன்றுக்கு 10 டாலர் வீதம், இருவருக்கும் சேர்த்து 130 டாலர் தரப்பட்டது. அந்தத் தொகையோடு சூப்பர்மேன் மீதான முழு உரிமையும் பதிப்பகத்துக்குச் சென்றது. பின்னர் அவர்கள் வழக்குத் தொடுத்தனர், வேலையையும் இழந்தனர், படைப்பாளர் என்ற பெயர் வரியும் நீக்கப்பட்டது. 1975-இல்தான், பொதுமக்களின் கண்டனத்துக்குப் பிறகு, ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும் பெயர் வரியும் கிடைத்தன.

இந்தக் கதைக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சூப்பர்மேனை இழந்த சீகல், 1960-களில் லண்டனிலிருந்து வெளிவந்த 'லயன்' வார இதழுக்காக 'ஸ்பைடர்' என்ற குற்றச் சக்கரவர்த்தியின் சாகசங்களை எழுதினார். அந்த ஸ்பைடர்தான், 1984-இல் சிவகாசியில் தொடங்கப்பட்ட லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ்ச் சிறுவர்களை ஆட்கொண்டவன். அவனுடைய வலைத் துப்பாக்கியையும் ஹெலிகாரையும் நினைவில் வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் உள்ளனர். சூப்பர்மேனைப் படைத்த கைதான் ஸ்பைடரின் கதைகளையும் எழுதியது என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? பெயர் வரி இல்லாத உலகில் வாசகருக்கு நாயகனைத் தெரியும். நாயகனை ஆக்கியவரைத் தெரியாது.

சிவகாசியின் தொடக்கம் இதற்கும் பன்னிரண்டு ஆண்டுகள் முந்தையது. 1972 ஜனவரியில் எம்.சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் 1962-இல் தோன்றிய நாயகன் அவன். அவனை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர். உடலில் மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக் கையைத் தவிர மற்றவை மறைந்துவிடும் அந்த மனிதன், நிழற்படையின் உளவாளியாகத் தமிழ் பேசினான். பொழுதுபோக்குக்குப் பல வழிகள் இல்லாத காலத்தில், பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு தலைமுறையை வாசிக்கப் பழக்கியதில் இந்த இதழ்களுக்குப் பெரும் பங்கு உண்டு. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 முதல் 1990 வரை வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸின் வேதாளரும், 1984 முதல் 2005 வரை வெளிவந்த ராணி காமிக்ஸும் அதே பணியைச் செய்தன.

அரை நூற்றாண்டுக்கு மேல் இவ்வளவு ஆர்வத்துடன் வாசித்த சமூகத்தில், சொந்தமாக ஒரு மாயாவி ஏன் நிலைபெறவில்லை? கற்பனை வளம் இல்லை என்று சிலர் கூறுவர். மகாபாரதத்தையும் விக்கிரமாதித்தன் கதைகளையும் கேட்டு வளர்ந்த மக்களைப் பார்த்து அப்படிச் சொல்வது பொருந்தாது. விடை விலைக் கணக்கில் இருக்கிறது.

ஒரு சித்திரக்கதையைப் புதிதாக உருவாக்குவதில் முதல் பிரதிக்கே பெரும் செலவு ஆகிவிடுகிறது. கதாசிரியர், ஓவியர், வண்ணம் தீட்டுபவர் ஆகியோரின் பல மாத உழைப்பு அதில் அடங்கியுள்ளது. நூறு பிரதிகள் விற்றாலும் லட்சம் பிரதிகள் விற்றாலும் அந்தச் செலவு மாறாது. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ அச்செலவு ஏற்கெனவே ஈட்டப்பட்டுவிட்ட கதையைத் தமிழில் வெளியிட, உரிமைத் தொகை, மொழிபெயர்ப்பு, அச்சு ஆகிய செலவுகள் போதும். சில ஆயிரம் வாசகர்களை நம்பி நடக்கும் பதிப்பகம் இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை; குற்றமும் இல்லை. ஆனால் வாடகை வீட்டில் எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் அது சொந்தமாகாது. மாயாவிக்குத் தமிழ் உயிர் கொடுத்தது சிவகாசி. மாயாவியின் பட்டா வேறோர் ஊரில் இருக்கிறது.

சூப்பர் ஹீரோக்களின் உலகமும் நிலத்தைப் போன்றதே. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கேளம்பாக்கத்தில் மனை வாங்கியவர், தம் மனையில் ஒரு செங்கல்லும் வைக்காமலேயே செல்வந்தரானார். அருகில் பூங்கா வந்தது, சாலை அகன்றது, கல்லூரி வந்தது. ஒவ்வொரு வரவும் மற்றவற்றின் மதிப்பை உயர்த்தியது. பேட்மேனின் காத்தம் நகரும், பிளாக் பேந்தரின் வகாண்டாவும் இவ்வாறே மதிப்பேறியவை. பல எழுத்தாளர்களும் ஓவியர்களும் பல பத்தாண்டுகளாக அங்கு தெருக்களையும் பகைவர்களையும் தோழர்களையும் சேர்த்துக்கொண்டே வந்தனர். புதிதாக வரும் ஒவ்வொரு பாத்திரமும் பழைய பாத்திரங்களின் விலையைக் கூட்டியது. கட்டியவர்களுக்குப் பக்கக் கணக்கில் கூலி கிடைத்தது. மதிப்பு உயர்வு முழுவதும் பட்டா வைத்திருந்தவரைச் சேர்ந்தது.

நம்மிடம் இராமனும் பீமனும் துர்க்கையும் இருக்கும்போது புதிய நாயகர்கள் எதற்கு என்று கேட்போர் உண்டு. இங்கிருந்து சில மைல் தொலைவில், மாமல்லபுரம் மகிஷமர்த்தினி மண்டபத்தில், எட்டுக் கைகளுடன் சிங்கத்தின்மீது அமர்ந்து வில்லேந்தி வரும் துர்க்கையையும், பின்வாங்கும் எருமைத்தலை அசுரனையும் காணும் எவரும், இதைவிடச் சிறந்த சாகசக் காட்சியை எந்தச் சித்திரக்கதையும் தந்துவிடவில்லை என்று ஒப்புக்கொள்வர். ஆனால், துர்க்கை அனைவருக்கும் பொது. பொதுச் சொத்தை எவரும் பயன்படுத்தலாம்; எவரும் வேலியிட முடியாது; வேலியிடவும் கூடாது. ஆகவேதான் புராணக் கதைகளைப் படமாக்குவோர் ஆயிரம் பேர் இருந்தும், அதனால் நிலையான வருவாய் பெறும் ஓவியர் குடும்பம் ஒன்றையும் காண்பது அரிது. புராணம் நம் பண்பாட்டுச் செல்வம். படைப்பாளரின் சேமிப்பாக அது ஆகாது.

சொந்த மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய 'அம்புலிமாமா'வில், உருவிய வாளுடன், தோளில் பிணத்தைச் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தனின் ஓவியத்தை அறியாத இந்தியக் குழந்தை அக்காலத்தில் அரிது. தமிழ், தெலுங்கு தொடங்கிப் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் அது சென்றது. வரைந்தவர் 'சங்கர்' என்று அறியப்பட்ட கே.சி.சிவசங்கரன். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த இதழின் ஓவியராக இருந்த அவர், 2020-இல் மறைந்தார். மறைவுக்குப் பின் 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இதழின் கதை வேறு திசையில் சென்றது. 2007-இல் மும்பையைச் சேர்ந்த ஜியோடெசிக் என்ற மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது. சில ஆண்டுகளில் இதழ் நின்றது. வாங்கிய நிறுவனமும் கடன் சிக்கலில் வீழ்ந்து நீதிமன்றம் சென்றது. தலைமுறைகளின் கண்ணில் பதிந்த ஓவியக் களஞ்சியம், ஒரு நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் ஒரு வரியாகச் சுருங்கியது. விக்கிரமாதித்தன் கதை பொதுச் சொத்து. அந்த ஓவியங்கள் பொதுச் சொத்து அல்ல.

இவையெல்லாம் பழங்கதை அல்ல என்பதை அண்மையில் ஒரு சந்திப்பு எனக்கு உணர்த்தியது. என் பழைய மாணவர் ஒருவரின் மகள், இச்சாலையிலுள்ள ஒரு வரைகலை நிறுவனத்தில் பணியாற்றுகிறார். வெளிநாட்டுத் திரைப்படங்களின் காட்சிகளில், சட்டம் சட்டமாக உருவத்தின் விளிம்பைப் பிரித்தெடுப்பது அவருடைய வேலை. தொழிலில் இதை 'ரோட்டோ' என்கிறார்கள். எந்தப் படத்துக்காக உழைக்கிறார் என்பதைக்கூட வெளியில் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. இரவு நேரங்களில் அவர் சொந்தமாக ஒரு நாயகியை வரைந்து வருகிறார். உப்பளத்தில் பிறந்து, கடற்காற்றின் திசையை முன்கூட்டியே உணரும் ஒரு பெண். நோட்டுப் புத்தகத்தைக் காட்டியவர், பணி ஒப்பந்தத்தையும் காட்டினார். பணிக்காலத்தில் அவர் உருவாக்கும் எந்தப் படைப்பும், அலுவலக நேரத்துக்கு வெளியே உருவாக்கப்பட்டாலும், நிறுவனத்தையே சேரும் என்று ஒரு பத்தி இருந்தது.

"சார், இவ என்னோட பொண்ணா, கம்பெனியோட பொண்ணா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குச் சட்டம் தரும் விடையை ஒவ்வொரு வரைகலை மாணவரும் அறிந்திருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவின்படி, ஊழியர் தம் பணியின் பகுதியாக உருவாக்கும் படைப்புக்கு, மாறான உடன்படிக்கை இல்லாதவரை, முதலாளியே முதல் உரிமையாளர். பணிக்குத் தொடர்பில்லாமல் வீட்டில் வரைவது இந்த விதிக்குள் வராது. ஆனால் 18-ஆம் பிரிவு, இனி உருவாகப் போகும் படைப்பின் உரிமையையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க அனுமதிக்கிறது. சட்டம் ஊழியருக்கு விட்டுவைத்ததை ஒப்பந்தத்தின் ஒரு பத்தி எடுத்துக்கொள்ள முயல்வது இவ்வழியில்தான். அவர் செய்ய வேண்டியது, அந்தப் படைப்பு தம்முடையது என்று நிறுவனத்திடமிருந்து எழுத்துவடிவில் ஒப்புதல் பெறுவது. கையொப்பமிடும் முன்பே இதைக் கேட்டிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். அவருடைய நான்காண்டுப் பட்டப்படிப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தவர் எவருமில்லை.

இதே 17-ஆம் பிரிவில் இதழ்களுக்கென நுட்பமான ஒரு வேறுபாடு உள்ளது. நாளிதழ் அல்லது பருவ இதழின் ஊழியராக இருந்து, அதில் வெளியிடுவதற்காக எழுதிய அல்லது வரைந்த படைப்பில், இதழில் வெளியிடும் உரிமை மட்டுமே உரிமையாளருக்கு. மற்ற வகைகளில் எல்லாம், மாறான உடன்படிக்கை இல்லையெனில், படைப்பாளரே முதல் உரிமையாளர். ஓர் இதழில் தொடராக வரும் சித்திரக்கதை நாளை திரைப்படமானால், பொம்மையானால், அந்த உரிமை ஓவியரிடம் நிற்க இந்தப் பிரிவு வழிவகுக்கிறது. சட்டத்தில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் இந்தப் பாதுகாப்பை அறிந்த ஓவியர்கள் மிகச் சிலரே.

இன்னொரு பக்கம், சட்டமே விட்டுவிட்ட இடைவெளியும் உண்டு. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், திரைப்படத்தில் இடம்பெறும் இலக்கிய, இசைப் படைப்புகளின் ஆசிரியர்கள், திரையரங்கில் காட்டுவதைத் தவிர்த்த பிற பயன்பாடுகளுக்கான உரிமப் பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று விதித்தது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் நெடுங்காலம் போராடிப் பெற்ற உரிமை அது. கலைப்படைப்பு, அதாவது ஓவியம், அந்த விதியில் இல்லை. நாயகன் பேசும் வசனத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு, நாயகனின் உருவத்தை வரைந்த கைக்கு இல்லை.

இந்தியாவில் கற்பனை நாயகர்களுக்குச் சொத்து மதிப்பு உண்டா என்று ஐயுறத் தேவையில்லை. 1986-இல் ராஜ் காமிக்ஸ் உருவாக்கிய இந்தி நாயகன் நாகராஜை ஒத்த 'நாகேஷ்' என்ற பாத்திரத்தை மற்றொரு பதிப்பகம் வெளியிட்டபோது, 1990-களிலேயே தில்லி உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அண்டை மாநிலமான கேரளத்தில், 2021-இல் வெளிவந்த 'மின்னல் முரளி'யின் கதையுலகை வேறொரு படத்தில் பயன்படுத்த எதிர்ப்புத் தெரிவித்து, அதன் கதாசிரியர்களே நீதிமன்றம் சென்று தடையுத்தரவு பெற்றனர். 2025-இல் வெளியான 'லோகா', கள்ளியங்காட்டு நீலி என்ற நாட்டார் கதையை எடுத்துக்கொண்டு, பல பாகங்களுக்கான உலகமாகவே திட்டமிடப்பட்டது. தமிழிலும் 2012-இல் 'முகமூடி'யும், 2023-இல் நாளிதழுக்குச் சித்திரக்கதை வரையும் இளைஞனை நாயகனாகக் கொண்ட 'மாவீரன்' படமும் வந்தன. ஆனால் நம் திரை நாயகர்கள் ஒரு படத்தோடு முடிந்துவிடுகின்றனர். அவர்களுக்குப் பின்னால் பல ஆண்டுகளாக வாசிக்கப்பட்ட சித்திரக்கதை இல்லை. முன்னால் வளர்வதற்கு உலகமும் இல்லை.

வேலை கிடைத்தால் போதாதா, உரிமை எதற்கு என்று பெற்றோர் கேட்கக்கூடும். கூலியை மட்டும் நம்பிய நிலையின் அபாயத்தை இத்துறையே இருமுறை காட்டியுள்ளது. புதுச்சேரியில் தொடங்கும் கதையான 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியைக் கணினியில் உருவாக்கிய ரிதம் அண்டு ஹியூஸ் நிறுவனம், 2013 பிப்ரவரியில் அதற்காக ஆஸ்கர் விருது பெற்றது; அதே மாதத்தில், விருதுக்கு முன்பே, திவால் மனுவும் தாக்கல் செய்திருந்தது. மும்பையிலும் ஹைதராபாதிலும் அதற்குப் பணிக்கூடங்கள் இருந்தன. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் நிதி நெருக்கடியில் சரிந்தபோது, பெங்களூரிலும் மும்பையிலும் அதன் ஊழியர்கள் வேலையிழந்தனர். திறமைக் குறைவால் வந்த இழப்புகள் அல்ல இவை. படம் ஈட்டும் வருவாயில் பங்கில்லாமல், குறைந்த விலை கேட்பவருக்கு ஒப்பந்தம் என்ற போட்டியில் இயங்கும் எந்தத் தொழிலும் இந்த விளிம்பில்தான் நிற்கும். வரைகலையின் எளிய வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு ஏற்கத் தொடங்கியுள்ள இன்று, அந்த விளிம்பு மேலும் குறுகுகிறது. ரோட்டோ வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளலாம்; சட்டப்படி தமக்குச் சொந்தமான ஒரு நாயகியை எடுத்துக்கொள்ள முடியாது.

முதலீட்டின் இடரைத் தாங்கும் நிறுவனத்துக்குப் பலன் வேண்டாமா என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. பத்து கதைகளில் ஒன்பது தோற்கும் தொழிலில், வெல்லும் ஒன்றின் வருவாயே மற்றவற்றின் நட்டத்தை ஈடுகட்ட வேண்டும். எனவே முழு உரிமையும் படைப்பாளருக்கே என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. பங்கு என்பது ஒவ்வும். ஜப்பானில் மாங்கா ஓவியர்கள் பொதுவாகப் பதிப்புரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, வெளியிடும் உரிமையைப் பதிப்பகத்துக்கு அளிக்கின்றனர். உலகின் மிகப்பெரிய சித்திரக்கதைத் தொழில்களுள் ஒன்று அந்த ஏற்பாட்டின் மீதே நிற்கிறது. அமெரிக்காவிலும் 1992-இல் மார்வெலிலிருந்து வெளியேறிய ஓவியர்கள், படைப்பாளருக்கே உரிமை என்ற அடிப்படையில் இமேஜ் காமிக்ஸைத் தொடங்கினர். அது இன்றும் நிலைத்து நிற்கிறது.

தமிழ்நாடு அரசு செய்யக்கூடியவை பெருஞ்செலவு கோராதவை. முதலாவது, பள்ளிக் கல்வித் துறை மாணவர்களுக்காக வெளியிடும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களில், தமிழ்ப் படைப்பாளர்களின் புதிய சித்திரக்கதைத் தொடர்களுக்கு நிலையான இடம் ஒதுக்கலாம். முதல் பிரதியின் செலவை அரசு ஏற்று, இதழில் வெளியிடும் உரிமையை மட்டும் பெற்று, மற்றவற்றைப் படைப்பாளரிடமே விட்டுவிடலாம். தனியார் பதிப்பகத்தால் தாங்க முடியாத அந்த முதல் தடையை இது நீக்கும். லட்சக்கணக்கான வாசகர்களையும் தரும். இரண்டாவது, பொது நூலகங்களுக்கு நூல் வாங்கும்போது, மூலத் தமிழ்ச் சித்திரக்கதைகளைத் தனி வகையாக ஏற்கலாம். 1948-லேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலத்துக்கு இது இயல்பான அடுத்த படி.

மூன்றாவது, இத்துறை நிறுவனங்களுக்கு அரசு நிலமோ மானியமோ வழங்கும்போது, ஒரு மாதிரிப் பணி ஒப்பந்தத்தை நிபந்தனையாக்கலாம். அலுவலக நேரத்துக்கு வெளியே, நிறுவனத்தின் கருவிகளைப் பயன்படுத்தாமல் உருவாக்கியது ஊழியருக்கே சொந்தம். பெயர் வரி கட்டாயம். புதிய பாத்திரத்தை உருவாக்கியவருக்குப் பிற்கால வருவாயில் பங்கு என்ற மூன்று விதிகள் அதில் இருந்தால் போதும். நான்காவது, பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் ஓவியர்களையும் சேர்க்குமாறு மத்திய அரசை மாநிலம் வலியுறுத்த வேண்டும். கல்லூரிகளோ எவர் உத்தரவுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. வரைகலைப் படிப்பின் இறுதியாண்டில், ஒப்பந்தம் வாசிப்பது எப்படி என்பதை ஒரு தாளாக வைக்க எந்தச் செலவும் இல்லை.

உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாருபவருக்கு அன்றாடக் கூலி கிடைக்கிறது. பாத்தியின் உரிமை அவருக்கு இல்லை. அந்தப் பாத்திகளுக்கு எதிரே எழுந்துள்ள கண்ணாடிக் கட்டடங்களில், குளிரூட்டப்பட்ட அறையில், அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் அதே கணக்கில் உழைப்பதற்காக நான்காண்டுகள் படிக்க வேண்டியதில்லை. இவ்வாண்டு வரைகலைப் படிப்பில் சேரும் மாணவர்களும் அவர்தம் பெற்றோரும், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கல்லூரியிடம் கேட்பதோடு, தாம் படைப்பது யாருக்குச் சொந்தமாகும் என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும்.